கீரியும் சூடையும் ஒரே கூடையில்: மேட்பிளாட்லிப்பில் ஹிஸ்டோகிராம் போடுவது

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் வீட்டு விறாந்தையிலேயே வகுப்பு எடுக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிவரம், பல்கலைக்கழகம் போனவர்களுக்குக் கொஞ்சம் பைதான் நிரலாக்கம். "மிஸ், ஹிஸ்டோகிராம் போட எந்தக் கட்டளை?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். கட்டளை ஒரே வரி. அதற்கு வகுப்புக்கு வரவே தேவையில்லை. ஆனால் தூண்கள் எத்தனை, எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அந்த வரியில் நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் தானே முடிவு செய்துகொள்ளும். பிறகு அது கீறிய படத்தைப் பார்த்து மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் நாம் கதை சொல்லத் தொடங்கிவிடுவோம். ஆகவே இந்தக் குறிப்பில் பெரும்பகுதி தூண்களின் விளிம்பைப் பற்றித்தான். நிறம், தலைப்பு, சேமிப்பு எல்லாம் கடைசியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வலையுரு வரையம் என்று படித்தது இதுதான். கிடை அச்சில் வகுப்பாயிடைகள், நிலைக்குத்து அச்சில் மீடிறன், தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். மீன் வகைக்கு ஒரு தூண் என்று இடைவெளி விட்டு வரைகிற படம் வேறு, இது வேறு. இங்கே கிடை அச்சு தொடர்ச்சியான ஓர் அளவு: நீளம், நிறை, வெப்பநிலை, மழை மில்லிமீற்றர்.

நான் பாவிப்பது பைதானில் படம் கீறும் மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்சமிக்ஞைகளைப் படமாகப் பார்க்கும் தேவைக்காக எழுதத் தொடங்கிய நூலகம் இது, 2003இல் வெளியானது. அவர் 2012இல் காலமானார். நூலகம் இன்றும் இலவசம். கணினி இல்லாத பிள்ளைகள் கைப்பேசியிலேயே, பிரௌசரில் பைதான் ஓடும் கூகுள் கொலாப்பைத் திறந்து செய்கிறார்கள். அதில் மேட்பிளாட்லிப், எண்களைக் கையாளும் நூலகமான நம்பை இரண்டும் ஏற்கெனவே இருக்கும், எதையும் நிறுவத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோல ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். மாறிகளுக்கு நான் வைக்கும் பெயர்களை மட்டும் அப்படியே தமிழில் தட்டலாம். நீளம், விளிம்பு என்றெல்லாம் பெயர் வைத்தால் பைதான் 3 மறுப்பில்லாமல் ஏற்கும்.

முதலில் தரவு

எடுத்துக்காட்டுக்கு மீன். இந்த ஊரில் வேறு எதைச் சொல்வது? என் சித்தப்பா திருக்கடலூரில் கரைவலைக்காரர். கரையில் வலையின் மடியை அவிழ்த்தால் சூடையும் கீரியும் கலந்து விழும். சூடை சின்னது, கீரி அதைவிட நீளம். வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் அடிமட்டமும் கொப்பியும் கொண்டுபோய் அளந்துவிட்டு வருவார்கள். கீழே வரும் எண்கள் அப்படி அளந்தவை அல்ல, பாடத்துக்காக நம்பையைக் கொண்டு உண்டாக்கியவை. நீங்களும் அதையே உண்டாக்கிப் பார்க்கலாம்.

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி
இம்போர்ட் மேட்பிளாட்லிப்.பைபிளாட் ஆஸ் பிஎல்டி

ஆர்என்ஜி = என்பி.ரேண்டம்.டிஃபால்ட்_ஆர்என்ஜி(7)
சூடை = ஆர்என்ஜி.நார்மல்(14, 0.8, 150)
கீரி = ஆர்என்ஜி.நார்மல்(18.5, 0.9, 90)
நீளம் = என்பி.கன்கேட்டனேட்([சூடை, கீரி])
நீளம் = என்பி.ரவுண்ட்(நீளம் * 2) / 2

சராசரி 14 செ.மீ. கொண்ட 150 சூடை, 18.5 செ.மீ. கொண்ட 90 கீரி, எல்லாம் ஒரே பட்டியலில். கடைசி வரியைக் கவனியுங்கள். கரையில் வெயிலுக்குள் நின்று அளப்பவர் 14.37 என்று எழுதமாட்டார். 14.5 என்று எழுதுவார். அந்த அரை சென்ரிமீற்றர் பழக்கத்தைத்தான் அந்த வரி செய்கிறது. இது சின்ன விஷயம்போலத் தெரியும். அடுத்த பகுதி முழுக்க இதைப் பற்றித்தான்.

உங்கள் எண்கள் எக்செல்லில் இருந்தால் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, பாண்டாஸ் என்ற நூலகத்தின் ரீட்_சிஎஸ்வியால் வாசித்து, தேவையான நிரலை, அதாவது நெடுவரிசையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் ஒருதரம் பாருங்கள். 14.5 என்பதில் புள்ளி விடுபட்டு 145 என்று பதிந்திருந்தால் அச்சு 145 வரை நீண்டுவிடும். மீன்கள் எல்லாம் இடது ஓரத்தில் ஒரே தூணாகக் குவியும், வலது ஓரத்தில் தரையோடு ஒட்டி ஒரு கீற்று நிற்கும். அப்படி வந்தால் சிலர் ரேஞ்ச்=(10, 25) என்று போட்டு அச்சைச் சுருக்கிவிடுவார்கள். படம் அழகாகிவிடும். ஆனால் ரேஞ்சுக்கு வெளியே இருப்பதை மேட்பிளாட்லிப் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும், எத்தனை எண் விடுபட்டது என்ற எச்சரிக்கைகூட வராது. பிழையைக் கோப்பில் திருத்துங்கள்.

ஒரு வரி

பிஎல்டி.ஹிஸ்ட்(நீளம்)
பிஎல்டி.ஷோ()

வந்துவிட்டது. இரண்டு குன்று, நடுவில் பள்ளம். ஆனால் எண்ணிப் பாருங்கள், தூண் பத்து. நீங்கள் பத்து கேட்கவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் குறைந்த எண்ணிலிருந்து கூடிய எண் வரை உள்ள தூரத்தைப் பத்தாகப் பங்கிடும். மீன் 240 ஆனாலும் 24,000 ஆனாலும் பத்துத்தான். அது மென்பொருளின் வழக்கம், உங்கள் தரவைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல.

இல்லாத பள்ளம்

ஒருமுறை வளாகத்துத் தம்பி ஒருவர் தன் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "மிஸ், நடுவில பள்ளம் வருது. அப்ப ரெண்டு வயசுக் கூட்டம்தானே?" இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பள்ளம் மீனில் இருக்கிறதா, தூணில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை செய்யச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள்.

12 செ.மீ. முதல் 21 செ.மீ. வரை ஒவ்வோர் அரை சென்ரிமீற்றருக்கும் சரியாகப் பத்து மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

தட்டை = என்பி.ரிப்பீட்(என்பி.அரேஞ்ச்(12, 21.5, 0.5), 10)
பிஎல்டி.ஹிஸ்ட்(தட்டை)
பிஎல்டி.ஷோ()

மேசைபோல மட்டமாக வரவேண்டிய படம். வருவதோ ஒன்பது தூண்கள் 20 உயரத்தில், ஐந்தாவது தூண் மட்டும் 10 உயரத்தில். நட்ட நடுவில் பள்ளம்!

காரணம் வெறும் கணக்குத்தான். 12இலிருந்து 21 வரை 9 செ.மீ. பத்தாகப் பங்கிட்டால் ஒரு தூணின் அகலம் 0.9. முதல் தூண் 12 முதல் 12.9 வரை, அதற்குள் 12, 12.5 என்று இரண்டு அளவுகள் விழும். அடுத்தது 13.8 வரை, அதில் 13, 13.5. அப்படியே 14, 14.5. பிறகு 15, 15.5. ஐந்தாவது தூண் 15.6 முதல் 16.5 வரை. அதற்குள் 16 மட்டும்தான் விழும், ஏனென்றால் 16.5 அடுத்த தூணுக்குப் போய்விடுகிறது. பத்தொன்பது அளவுகளைப் பத்துத் தூணுக்குப் பங்கிட்டால் யாரோ ஒருவருக்கு ஒன்றுதான் கிடைக்கும். அந்த ஒருவர் நடுவில் நிற்கிறார்.

இதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி: தூணின் அகலம் நீங்கள் அளந்த படியின் முழு மடங்காக இருக்க வேண்டும். அரை சென்ரிமீற்றருக்கு அளந்தால் அகலம் 0.5, 1, 1.5 இப்படி. 0.9 கூடாது, 0.7 கூடாது. முழு எண்ணில் வரும் தரவுக்கும், வயதுக்கும் பரீட்சைப் புள்ளிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும், இதே விதிதான். அகலம் 1 அல்லது 2 அல்லது 5.

அடுத்தது, விளிம்பை எங்கே வைப்பது. 14.5 என்று எழுதிய மீன் உண்மையில் 14.25க்கும் 14.75க்கும் இடையில் எங்கேயோ இருந்திருக்கும். அப்படியானால் தூணும் அந்த இடத்திலேயே நிற்கட்டும். விளிம்புகளை நாமே எழுதிக் கொடுப்போம்:

விளிம்பு = என்பி.அரேஞ்ச்(9.75, 23, 0.5)
பிஎல்டி.ஹிஸ்ட்(நீளம், பின்ஸ்=விளிம்பு, எட்ஜ்கலர்='ஒயிட்')
பிஎல்டி.ஷோ()

இப்போது ஒவ்வோர் அளவும் தன் தூணின் நடுவில் நிற்கும். தட்டைத் தரவையும் இதே விளிம்பில் போட்டுப் பாருங்கள், 12 முதல் 21 வரை மட்டமாக வரும். சூடை, கீரி கலவையைப் போட்டால் பள்ளம் இன்னமும் இருக்கும், ஆகவே அது உண்மையான பள்ளம். தம்பியின் படத்திலும் இதையேதான் செய்து பார்த்தோம். பள்ளம் ஆழம் குறைந்தது, ஆனால் போகவில்லை. சரி, அப்புறம் அவர் தன் கதையை எழுதலாம்.

அளப்பவர் கிட்டிய அரைக்கு எழுதாமல் எப்போதும் கீழே உள்ள அரைக்கே எழுதுகிறவர் என்றால், அதாவது 14.9ஐயும் 14.5 என்றே எழுதுவார் என்றால், விளிம்பு 14.5இலேயே தொடங்க வேண்டும், கால் சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளக்கூடாது. இதைக் கணினி அறியாது. அளந்தவரைக் கேட்க வேண்டும்.

விளிம்பு பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள். பின்ஸ் என்பதற்கு ஒரு முழு எண்ணைக் கொடுத்தால் அது தூண்களின் எண்ணிக்கை. பட்டியலைக் கொடுத்தால் அது விளிம்புகள், தூண்களை விட விளிம்பு ஒன்று கூட இருக்கும். பத்துத் தூணுக்குப் பதினொரு விளிம்பு. பின்ஸ்=20 என்பதும் பின்ஸ்=[20] என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, கொஞ்சம் தந்திரமானது. ஒவ்வொரு தூணும் தன் இடது விளிம்பைச் சேர்த்துக்கொள்ளும், வலது விளிம்பை அடுத்த தூணுக்கு விட்டுவிடும். கடைசித் தூண் மட்டும் விதிவிலக்கு. அது இரண்டு விளிம்பையும் வைத்துக்கொள்ளும். தட்டைத் தரவை 12, 13, 14 என்று 21 வரை முழு எண் விளிம்பில் போட்டால் எல்லாத் தூணும் 20, கடைசித் தூண் 30. அதற்குள் 20, 20.5, 21 மூன்றும் போய்விடுகின்றன. பரீட்சைப் புள்ளிகளை 0, 10, 20 என்று 100 வரை போடும் ஆசிரியர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நூறு எடுத்த பிள்ளையும் தொண்ணூறு எடுத்த பிள்ளையும் ஒரே தூணில் நிற்பார்கள். விளிம்பைப் படிக்கு நடுவில் வைத்தால், புள்ளி என்றால் 0.5 குறைத்து வைத்தால், இந்தத் தொல்லை இல்லை.

அரேஞ்சில் 0.5 பயமில்லை, கணினி அதைத் துல்லியமாக வைத்திருக்கும். 0.1 என்றால் கவனம். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது, அதனால் கடைசியில் ஒரு விளிம்பு கூடவோ குறையவோ செய்யலாம். அப்போது லின்ஸ்பேஸைப் பாவியுங்கள். அதில் தொடக்கம், முடிவு, எத்தனை விளிம்பு என்று நேரடியாகச் சொல்லலாம்.

அகலம் எவ்வளவு?

முழு மடங்கு சரி. ஆனால் 0.5ஆ, 1ஆ, 2ஆ? இங்கே விதி இல்லை, பார்வைதான். நான் எப்போதும் மூன்று அகலத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 240 மீனுக்கு 0.5 அகலம் கொஞ்சம் பல்லுப்பல்லாக வரும், ஆனால் இரண்டு குன்றும் தெளிவாகத் தெரியும். 1 செ.மீ. அகலம் வழுவழுப்பாகும். 4 செ.மீ. அகலத்தில் சூடையும் கீரியும் ஒன்றாகிப் பள்ளமே மறைந்துவிடக்கூடும். மூன்று படத்திலும் நிற்கும் சங்கதியை நம்பலாம். ஒன்றில் மட்டும் வந்து மற்றதில் ஓடிப்போவதை அறிக்கையில் எழுதாமல் விடுங்கள்.

பின்ஸ்='ஆட்டோ' என்று போட்டால் நம்பை ஒரு சூத்திரத்தைக் கொண்டு தானே தேர்ந்தெடுக்கும். அதற்குப் பின்னால் இரண்டு பழைய விதிகள் இருக்கின்றன. ஒன்று 1926இல் ஸ்டர்ஜஸ் சொன்னது. அது மீன் எத்தனை என்பதைத்தான் பார்க்கும், 240 மீனுக்கு ஒன்பது தூண் தரும். மற்றது 1981இல் ஃப்ரீட்மனும் டயக்கோனிசும் தந்தது, அது காலணை இடைவீச்சையும் பார்க்கும். இரண்டில் எது ஒடுக்கமான தூண் தருகிறதோ அதை ஆட்டோ எடுத்துக்கொள்ளும். முதல் பார்வைக்கு நல்லதுதான். ஆனால் நம் கலவையில் இரண்டு இனம் தள்ளித் தள்ளி நிற்பதால் காலணை இடைவீச்சு பெருத்துவிடும், இரண்டாவது விதி தரும் தூணும் அகன்றுவிடும். அதைவிட முக்கியம், நீங்கள் அரை சென்ரிமீற்றரில் அளந்தீர்கள் என்பது இந்த விதிகளுக்குத் தெரியாது. ஆட்டோவைப் போட்டுப் பார்த்து, அது தரும் அகலத்துக்குக் கிட்டிய முழு மடங்கை நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு வலை, ஒரு படம்

ஒப்பிடத் தொடங்கும்போதுதான் அடுத்த சிக்கல். கரைவலையில் அளந்த மீன் 240, செவுளில் மாட்டும் வழிவலையில் அளந்தது 60 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையாகவே போட்டால் இரண்டாவது படம் முதலாவதின் காலடியில் கிடக்கும், வடிவத்தை ஒப்பிட முடியாது. இதற்குத்தான் டென்சிட்டி.

வழிவலை = என்பி.ரவுண்ட்(ஆர்என்ஜி.நார்மல்(18, 0.6, 60) * 2) / 2
பிஎல்டி.ஹிஸ்ட்(நீளம், பின்ஸ்=விளிம்பு, டென்சிட்டி=ட்ரூ, ஹிஸ்ட்டைப்='ஸ்டெப்', லேபல்='1')
பிஎல்டி.ஹிஸ்ட்(வழிவலை, பின்ஸ்=விளிம்பு, டென்சிட்டி=ட்ரூ, ஹிஸ்ட்டைப்='ஸ்டெப்', லேபல்='2')
பிஎல்டி.லெஜண்ட்()
பிஎல்டி.ஷோ()

ட்ரூவின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. இரண்டுக்கும் ஒரே விளிம்பு என்பதைக் கவனியுங்கள். தனித்தனியே விட்டால் ஒவ்வொன்றும் தன் தன் வீச்சைப் பத்தாகப் பங்கிட்டு வேறு வேறு அகலத்தில் நிற்கும். அந்த இரண்டையும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

டென்சிட்டி போட்டதும் நிலைக்குத்து அச்சைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். உயரங்களைக் கூட்டினால் ஒன்று வரவில்லையே என்பார்கள். வராது. ஒன்றாவது பரப்பு, உயரம் அல்ல. அகலம் 0.5 என்றால் உயரங்களின் கூட்டுத்தொகை 2 வரும். சமமில்லாத வகுப்பாயிடைக்கு மீடிறனை அகலத்தால் சரிசெய்து வலையுரு வரையம் கீறச் சாதாரண தரத்தில் படித்ததே, அதே சங்கதிதான். மேட்பிளாட்லிப்புக்கும் சமமில்லாத விளிம்பு கொடுக்கலாம். அப்போது டென்சிட்டியைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் அகன்ற தூண் அநியாயத்துக்கு உயர்ந்துவிடும்.

சித்தப்பாவிடம் படத்தைக் காட்ட வேண்டும் என்றால் டென்சிட்டி உதவாது, சதவீதம்தான் விளங்கும். அதற்கு வெயிட்ஸ் என்று ஒன்று இருக்கிறது:

பாரம் = என்பி.ஒன்ஸ்(லென்(நீளம்)) * 100 / லென்(நீளம்)
பிஎல்டி.ஹிஸ்ட்(நீளம், பின்ஸ்=விளிம்பு, வெயிட்ஸ்=பாரம்)

ஒவ்வொரு மீனும் ஒன்று என்பதற்குப் பதிலாக நூறில் தன் பங்கைத் தூணில் சேர்க்கும். உயரங்களைக் கூட்டினால் 100.

ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும்போது நிறத்தை மங்கலாக்கி, அல்ஃபா=0.5 என்று வைப்பது பலரின் பழக்கம். இரண்டு வரை சரி. மூன்றாவது வந்தால் எல்லாம் கலந்து சாணி நிறமாகிவிடும். ஆகவே எனக்குப் பிடித்தது ஸ்டெப், அதாவது வெளிக்கோடு மட்டும். பட்டியலாகச் சேர்த்துக் கொடுத்தால் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஸ்டேக்ட்=ட்ரூ என்றால் அடுக்கி வைக்கும். அடுக்கியதில் கீழே இருப்பது மட்டும்தான் சரியாகத் தெரியும், மேலே இருப்பதன் வடிவம் கீழே உள்ளதால் வளைந்துபோகும். மொத்தத்தில் எந்த இனம் எவ்வளவு என்று காட்ட மட்டும் அதைப் பாவிப்பேன்.

படம் சரியாக வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மீன்கள் எப்படி என் அடிமட்டத்துக்கு வந்தன? செவுளில் மாட்டும் வலையில் வலைக்கண்ணைவிடச் சின்ன மீன் நுழைந்து போய்விடும், பெரிய மீன் தலை நுழையாமல் திரும்பிவிடும். இடைப்பட்டதுதான் மாட்டும். ஆகவே அந்த வலையின் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஒடுக்கமான ஒற்றைக் குன்றாகத்தான் வரும், கடலில் எல்லா அளவும் இருந்தாலும்கூட. வலைக்கண்ணை மாற்றினால் குன்றும் நகரும். கரைவலையின் மடி நெருக்கமான கண்ணுடையது, சின்னதும் வரும். ஆனால் கரையில் வியாபாரி பெரியதைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு நீங்கள் அளந்தால் படத்தின் வலது பக்கம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். சல்லியில் அளந்தீர்களா குச்சவெளியில் அளந்தீர்களா, என்ன வலை, பொறுக்க முன்னரா பின்னரா என்பதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

மழை

மழைத் தரவைக் கொண்டுவருபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இங்கே பெரிய மழை ஐப்பசி தொடங்கித் தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு. இடைவருடத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாள் கணக்கில் ஒரு துளி இராது. தினசரி மழையை அப்படியே ஹிஸ்டுக்குக் கொடுத்தால் சுழியத்தில் ஒரு தூண் கோபுரமாக நிற்கும், மற்றதெல்லாம் புல்லுப்போலக் கிடக்கும். மழை பெய்த நாட்களை மட்டும் எடுங்கள்:

பெய்தது = மழை[மழை > 0]

விட்டுவிட்ட நாட்கள் எத்தனை என்பதைத் தலைப்பில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் இடது பக்கம் குவிந்து வலது பக்கம் வால் நீண்டுதான் இருக்கும், மழையின் இயல்பு அது. அந்த வால்தான் வெள்ளம். அது கண்ணுக்குத் தெரிய லாக்=ட்ரூ போடலாம், நிலைக்குத்து அச்சு 1, 10, 100 என்று போகும். ஆனால் அப்படிப் போட்டால் பத்து நாள் தூணுக்கும் நூறு நாள் தூணுக்கும் உள்ள பத்து மடங்கு வித்தியாசம் அச்சில் ஒரே ஒரு படியாகச் சுருங்கித் தோன்றும். வாசிப்பவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அலங்காரம்

எட்ஜ்கலர் போடாவிட்டால் தூண்களுக்கிடையே கோடு இருக்காது, ஒரே நீலப் பாறையாகத் தெரியும். வெள்ளையோ கறுப்போ போடுங்கள். ஆர்விட்த்=0.9 என்று இடைவெளி விடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தொடர்ச்சியான அளவுக்கு நடுவில் வெற்றிடம் எதற்கு? தூண் மேல் எண்ணிக்கை வேண்டும் என்றால் ஹிஸ்ட் திருப்பித் தருவதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்:

எண், விளிம்பு2, தூண் = பிஎல்டி.ஹிஸ்ட்(நீளம், பின்ஸ்=விளிம்பு)
பிஎல்டி.பார்_லேபல்(தூண்)

எண் என்பதில் ஒவ்வொரு தூணின் உயரம் இருக்கும். படத்தில் சந்தேகம் வந்தால் அதைப் பிரின்ட் செய்து எண்களாகவே பாருங்கள்.

அச்சுக்குத் தமிழில் பெயர் வைக்கப் போனால் முதலில் வெறும் கட்டங்கள் வரும். மேட்பிளாட்லிப்போடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் டாமிலை நிறுவி, ஃபொன்ட் ஃபேமிலியில் அதன் பெயரைக் கொடுத்தால் எழுத்து வரும். ஆனால் என்னிடம் உள்ள பதிப்பு எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாமல் வரிசைக்கு வரிசை வைத்துவிடுகிறது. 'நீளம்' சரியாக வரும். 'மீன்' சரியாக வரும். 'சூடை' என்று எழுதினால் டகரத்துக்குப் பின்னால் ஐகாரக் குறி போய் நிற்கும், 'சூ' இரண்டு துண்டாகும். கொம்பு வரும் எழுத்து எல்லாவற்றுக்கும் இதே கதி. மேலே லேபலுக்கு 1, 2 என்று எண் கொடுத்ததும் அதனால்தான். இதற்கு வழி, படத்தை எஸ்விஜியாகச் சேமிப்பது:

பிஎல்டி.ஆர்சிபராம்ஸ்['எஸ்விஜி.ஃபொன்ட்டைப்'] = 'நன்'
பிஎல்டி.சேவ்ஃபிக்('மீன்.எஸ்விஜி')

ஆர்சிபராம்ஸில் பீ மட்டும் பெரிய எழுத்து, கடைசியில் வரும் நன் மேற்கோளுக்குள் சிறிய எழுத்தில். இப்படிச் செய்தால் எழுத்து கோடாக மாறாமல் எழுத்தாகவே கோப்புக்குள் போகும். பிரௌசரில் திறந்தால் பிரௌசர் அதைச் சரியாக அடுக்கிக் காட்டும். அங்கிருந்து பிடிஎஃப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

சேவ்ஃபிக் எப்போதும் ஷோவுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் வெற்றுத் தாள்தான் சேமிப்பாகும். பிஎன்ஜியாக எடுப்பவர்கள் டிபிஐ=200 என்று சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறிக்கையில் பெரிதாக்கும்போது எழுத்து உடையும்.

நூறு பக்க அறிக்கையை யாரும் நிறத்தில் அச்சடிப்பதில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தால் நீலக் கோடும் செம்மஞ்சள் கோடும் ஒரே சாம்பல். ஆகவே இரண்டாவது ஹிஸ்டுக்கு லைன்ஸ்டைல்='--' என்று சேர்த்துவிடுங்கள், அது துண்டு துண்டான கோடாக வரும். நிரப்பிய தூண் என்றால் ஹாட்ச்='//' போடலாம், சாய்வுக் கோடு விழும்.